ஜன்னல் வழியே ஒரு துண்டு

1950-ம் வருஷக் கோடைக்காலம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து ஒரு பையன் சிகாகோவுக்கு ரயில் ஏறினான். வயது 19. அந்த வயதுக்குள் டிகிரியை முடித்துவிட்டான். அது மட்டுமா? வீடு வீடாக பேப்பர் போட்டது, முடிதிருத்தும் கடைகளில் பின்பால் விளையாட்டு மெஷின்களை வைத்து காசு பார்த்தது, பங்குச் சந்தையில் போட்டு எடுத்தது என்று கையில் 9,800 டாலர் வேறு சேர்த்து வைத்திருந்தான். அந்தக் காலத்து 9,800 டாலர்!

ரயில் ஏறியது ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் நேர்முகத் தேர்வுக்காக. அந்தப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர்தான் பேட்டி எடுக்கிறார். பையன் பார்க்க இன்னும் சின்னவனாகத் தெரிகிறான். பத்து நிமிஷம் பேசினார்கள். அவ்வளவுதான்.

ம்ஹூம். இடம் கிடையாது.

பையன் பெயர் வாரன் பஃபெட்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'பார்த்தீர்களா, ஹார்வர்ட் எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் செய்தது!' என்று சிரிப்பதுதான் வழக்கம். நான் அந்த ஜோலிக்குப் போகப்போவதில்லை. ஏனென்றால் பஃபெட்டே பின்னாளில் ஒப்புக்கொண்ட விஷயம், அப்போது தான் பார்க்க 16 வயசுப் பையன் மாதிரிதான் இருந்தேன், மனசளவில் அதைவிடவும் சின்னவன் என்பது. பேட்டி எடுத்தவர் பார்த்ததைத்தான் சொன்னார்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஊருக்குத் திரும்பிய பஃபெட், வேறு கல்லூரிகளின் விவரப் புத்தகங்களைப் புரட்டினார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கிரஹாம், டேவிட் டாட் என்று இரண்டு பெயர்கள் கண்ணில் பட்டன. பங்குகளை எப்படி எடை போடுவது என்று 1934-லேயே சேர்ந்து புத்தகம் எழுதியவர்கள். கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' புத்தகத்தை அப்போதுதான் கரைத்துக் குடித்திருந்தார் பஃபெட். இவர்கள் இன்னமும் உயிரோடு இருந்து பாடம் வேறு நடத்துகிறார்களா! உடனே டாட்டுக்கு ஒரு கடிதம். ஆகஸ்ட் மாதம், கல்லூரி திறக்கப்போகிற நேரம். நேர்முகத் தேர்வே இல்லாமல் இடம் கிடைத்துவிட்டது. 1951-ல் முதுகலைப் பட்டம். மீதியை நான் சொல்லவேண்டியதில்லை.

இதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்வி. டிகிரி முடித்த கையோடு, அல்லது முடிப்பதற்கு முன்னாலேயே, ஒரு பையனோ பெண்ணோ பிசினஸ் ஸ்கூல் கதவைத் தட்டினால் திறக்கலாமா, கூடாதா? நூறு வருஷத்துக்கும் மேலாக இதற்கு அமெரிக்கா மாற்றி மாற்றி பதில் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பதில் மாறியதற்குக் காரணம் மாணவனின் புத்தி வளர்ந்ததோ தேய்ந்ததோ இல்லை. அதுதான் வேடிக்கை.

முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வியாபாரத்தைக் கல்லூரியில் சொல்லித்தருவதா என்று சிரித்த காலம் ஒன்று இருந்தது. ஆண்ட்ரூ கார்னகி 13 வயதில் பருத்தி மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். வாரச் சம்பளம் ஒரு டாலர் 20 சென்ட். அங்கிருந்து எஃகு சாம்ராஜ்யம் வரை போனார். அந்தத் தலைமுறைக்குக் கல்லூரி என்பது இருபது வயதுவரை பையனை வீணடிக்கிற இடம். ஜோசப் வார்ட்டன் என்கிற தொழிலதிபர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து, 1881-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகப் பள்ளி தொடங்கவைத்தார். அதுவும் இளங்கலைப் பிள்ளைகளுக்குத்தான். எம்.பி.ஏ. எல்லாம் அங்கே வர இன்னும் 40 வருஷம் இருந்தது. (நம் பஃபெட்கூட அந்த வார்ட்டனில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, பிடிக்காமல் நெப்ராஸ்காவுக்கு ஓடிவந்தவர்தான்.)

அடுத்தது 1900. நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மத் கல்லூரி. அதன் தலைவர் வில்லியம் ஜூவெட் டக்கர். அவருக்குக் கல்லூரி நாட்களில் பழக்கமான எட்வர்ட் டக், பாரீஸில் குடியேறிவிட்ட பெரும் பணக்காரர். அப்பா ஆமோஸ் டக் நினைவாக, கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பங்குகளாக 3 லட்சம் டாலர் மதிப்புக்கு எடுத்துக் கொடுத்தார். வணிகத்துக்கென்றே முதுநிலைப் பட்டம் தருகிற பள்ளி அங்கே பிறந்தது. அந்த வகையில் உலகத்திலேயே அதுதான் முதல்.

அந்த டக் பள்ளியில் யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? டிகிரி முடிக்காதவர்களை!

திட்டம் இப்படி: கல்லூரியில் மூன்று வருஷம் படி. நான்காவது வருஷத்தை டக் பள்ளியில் படி. அது இளங்கலையின் கடைசி வருஷமாகவும் கணக்கில் வரும், வணிகப் படிப்பின் முதல் வருஷமாகவும் கணக்கில் வரும். ஒரே கல், இரண்டு மாங்காய். இன்னும் ஒரு வருஷம் படித்தால் வணிக முதுகலைப் பட்டம் கையில். மூன்றும் இரண்டும் ஐந்து. வேலை அனுபவமா? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்காது. புதுசாகக் கடை திறந்தவன் வாசலில் நின்று வாடிக்கையாளரின் தகுதியை விசாரிப்பானா?

1908-ல் ஹார்வர்ட் வந்தது. இங்கே சின்ன வித்தியாசம். கல்லூரியை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். எம்.பி.ஏ. என்கிற பட்டத்தை உலகத்துக்குக் கொடுத்ததும் இவர்கள்தான். ஆனால் முடித்த மறுநாளே வரலாம், தடையில்லை. அப்படி வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் மெக்நமாரா. 1937-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பட்டம், அதே வருஷம் ஹார்வர்ட், 1939-ல் எம்.பி.ஏ. உள்ளே நுழையும்போது வயது 21. கணக்கில் புலி. பின்னாளில் ஃபோர்டு கார் கம்பெனியின் தலைவர், அப்புறம் கென்னடி அரசில் பாதுகாப்பு அமைச்சர். வியட்நாம் யுத்தத்தை எண்ணிக்கையும் சதவிகிதமுமாகப் பார்த்தார் என்று அவர்மேல் தீராத பழி ஒன்று உண்டு. அனுபவத்தை மிதித்துவராத கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவரை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. 21 வயதில் படித்த படிப்பையா 50 வயதில் எடுத்த முடிவுக்குக் காரணம் சொல்வது?

சரி, கதைக்கு வருவோம். கதவை மெள்ளச் சாத்த ஆரம்பித்தது யார்? யுத்தம்தான்.

1944-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. போர்முனையிலிருந்து திரும்புகிற சிப்பாய்களின் படிப்புச் செலவு அரசாங்கத்தினுடையது. 78 லட்சம் பேர் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1947-ல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மாஜி சிப்பாய்கள். 25 வயது, 28 வயது. கல்யாணமானவர்கள். பசிபிக் கடலில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றியவர்கள், நூறு பேரைக் கட்டி மேய்த்தவர்கள்.

ஹார்வர்டின் பாணி என்ன என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். அங்கே வாத்தியார் பேசமாட்டார். நிஜமான ஒரு கம்பெனியின் நிஜமான தலைவலியை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, 'நீயாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்பார். மாணவர்கள் அடித்துக்கொள்ளவேண்டியதுதான். 1920-களிலேயே இது அங்கே வேரூன்றிவிட்டது. இந்த வகுப்பில் நேற்றுவரை கல்லூரி விடுதியில் இருந்த பையன் பேசுவதற்கும், சப்ளை டெப்போ நடத்தியவன் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்குமா, இருக்காதா? அனுபவஸ்தர்கள் நிறைந்த வகுப்பின் ருசியைப் பேராசிரியர்கள் கண்டுகொண்டார்கள்.

1950-ல் பஃபெட் போய் நின்றது இந்த நேரத்தில்தான். அவரோடு போட்டிக்கு நின்ற கூட்டத்தில் இந்த மாஜி சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆனாலும் கதவு உடனே அடைபடவில்லை. மைக்கேல் ப்ளூம்பெர்க் 1964-ல் எஞ்ஜினீயரிங் முடித்தார், 1966-ல் ஹார்வர்ட் எம்.பி.ஏ. இடையில் வேலை கிடையாது. அந்த வருஷங்களில் செட்டிநாட்டுப் பிள்ளை ஒருவரும் அங்கே இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல், அப்புறம் சட்டக் கல்லூரி, அப்படியே ஹார்வர்ட். 1968-ல் எம்.பி.ஏ. வாங்கும்போது அவருக்கு 23 வயது நிறையவில்லை. ப.சிதம்பரம். ஊருக்குத் திரும்பி வக்கீல் தொழில், பிற்பாடு பட்ஜெட்.

1970-களிலிருந்து காற்று மாறியது. 1960 வாக்கில் அமெரிக்காவில் வருஷத்துக்கு ஐயாயிரம் பேர் போல வணிக முதுகலை முடித்தார்கள். 2000-ல் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது! வாசலில் இவ்வளவு பெரிய க்யூ நிற்கும்போது கடைக்காரர் என்ன செய்வார்? பொறுக்கி எடுப்பார். எதை வைத்துப் பொறுக்குவது? 'வேலை பார்த்திருக்கிறாயா?'

1988-ல் இன்னொரு சங்கதி சேர்ந்தது. பிசினஸ் வீக் பத்திரிகை, பிசினஸ் ஸ்கூல்களுக்கு ரேங்க் போட ஆரம்பித்தது. முதல் பட்டியலில் முதலிடம் ஹார்வர்டுக்கு இல்லை, சிகாகோ பக்கத்து கெல்லாக்குக்கு! ஏக ரகளை. அதற்குப் பிறகு வந்த பல பட்டியல்களில் படித்துவிட்டு வெளியே போகிறவரின் சம்பளமும் ஒரு கணக்கு. ஏற்கெனவே நாலைந்து வருஷம் உத்தியோகம் பார்த்தவருக்கு அதிக சம்பளம் கிடைக்கும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆக, அனுபவம் உள்ளவரைச் சேர்த்தால் வகுப்பும் களைகட்டும், ரேங்கும் ஏறும். நல்ல பள்ளிகளில் சேர்கிறவர்களின் சராசரி வயது 26, 27 என்று போய் நின்றது. 21 வயதில் விண்ணப்பிப்பது கிட்டத்தட்ட வீண் என்று மாணவர்களே நினைக்க ஆரம்பித்தார்கள். எங்கேயும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இதில் பள்ளிகள் கவனிக்காத ஓட்டை ஒன்று இருந்தது.

அமெரிக்காவில் டாக்டர் ஆகவேண்டுமா? டிகிரி முடித்ததும் மருத்துவக் கல்லூரி. வக்கீலா? டிகிரி முடித்ததும் சட்டக் கல்லூரி. இரண்டு பேரும் 'வா, வா' என்கிறார்கள். பிசினஸ் ஸ்கூல் மட்டும் 'நாலு வருஷம் கழித்து வா' என்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை காத்துக்கொண்டிருக்குமா? இயற்பியல் படித்தவனும் இலக்கியம் படித்தவளும் பிசினஸ் ஸ்கூலை நினைத்துக்கூடப் பார்க்காமல் வேறு பக்கம் போனார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு வேறு கை நீட்டிக் கூப்பிட்டது. பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். ஹார்வர்டில் எம்.பி.ஏ. முதல் வருஷத்திலேயே பெண்களைச் சேர்த்ததே 1963-ல்தான், அதுவும் எட்டே பேர். இப்போதோ 27 வயதில் வா, 29-ல் முடி என்றால், அது கல்யாணமும் குழந்தையும் குறுக்கே நிற்கிற வயது.

முதலில் விழித்துக்கொண்டது யேல். 2001-ல் சில்வர் ஸ்காலர்ஸ் என்று ஒரு திட்டம். கல்லூரிக் கடைசி வருஷத்திலேயே விண்ணப்பி. டிகிரி முடித்ததும் முதல் வருஷ எம்.பி.ஏ. நடுவில் வெளியே போய் வேலை பார். திரும்பி வந்து மிச்சத்தை முடி. சாண்ட்விச் மாதிரி. ஆனால் எடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான்.

உலகம் திரும்பிப் பார்த்தது 2007 செப்டம்பரில். ஹார்வர்ட் 'டூ ப்ளஸ் டூ' என்று அறிவித்தது. நம்ம ஊரில் பஸ் நிலையத்துக்குள் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போம் இல்லையா? அச்சு அசல் அதேதான். அங்கே டிகிரிக்கு நான்கு வருஷம். மூன்றாம் வருஷம் முடிந்த கோடையில் விண்ணப்பிக்கவேண்டும். தேறினால் சீட் உனக்கு. ஆனால் உட்காரக்கூடாது! டிகிரியை முடி, இரண்டு வருஷம் வேலை பார், அப்புறம் வந்து இரண்டு வருஷம் எம்.பி.ஏ. படி.

அட்மிஷன் இலாகாவின் தலைவியாக இருந்த டீ லியோபோல்டுதான் இதற்கு முகம். பிசினஸ் ஸ்கூல் பக்கமே தலைவைத்துப் படுக்காத விஞ்ஞான, எஞ்ஜினீயரிங், கலைப் படிப்புப் பிள்ளைகளை இழுப்பதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். தந்திரத்தைக் கவனித்தீர்களா? அனுபவம் வேண்டும் என்ற கொள்கையையும் விடவில்லை, 20 வயதுக் கெட்டிக்காரனையும் விடவில்லை.

2008 ஜூலையில் முதல் கெடு. வந்த விண்ணப்பங்கள் 630. எடுத்தது 106.

அதே வருஷம் செப்டம்பர் 15. லேமன் பிரதர்ஸ் திவால்! வால் ஸ்ட்ரீட் சரிந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் வேலையில்லாதவர்கள் 10 சதவிகிதம். டிகிரியோடு வெளியே வந்த பிள்ளைகள் திண்டாடிய நேரம். மற்றவர்களுக்கு வேலையும் நிச்சயமில்லை, அதற்கப்புறம் என்ன என்பதும் நிச்சயமில்லை. இந்த 106 பேருக்கு வேலைதான் தேடவேண்டியிருந்தது. 2011-ல் எங்கே இருப்போம் என்பது தெரிந்திருந்தது. 21 வயதில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வேலை தேடி அலைந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

எனக்கு உறுத்துகிற இடமும் இதுதான். இந்த மாதிரி ஒரு சீட் இருக்கிறது என்பதே 20 வயதில் யாருக்குத் தெரியும்? அப்பாவோ அக்காவோ அந்தப் பக்கம் போயிருந்தால் தெரியும். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தால் தெரியும். ஹோட்டலில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு சின்ன ஊர் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு அந்த பஸ் வருவதே தெரியாது, துண்டை எங்கே போடுவது? ஜன்னல் ஓரத்தில் நிற்கிறவன்தானே துண்டு போடமுடியும்! 2017-ல் வார்ட்டன், மோலிஸ் என்ற கொடையாளர் பெயரில் இதே மாதிரி திட்டம் கொண்டுவந்தபோது, முதலில் அது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவர்களுக்கு மட்டும்தான். வெளியாட்களுக்குத் திறந்தது அப்புறம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சீட் கையில் இருப்பவனுக்கு துணிச்சல் வரும். கிராமத்துப் பள்ளியில் பாடம் சொல்லித்தரலாம், ஓடுமோ ஓடாதோ என்கிற கம்பெனி ஆரம்பித்துப் பார்க்கலாம். விழுந்தாலும் பாதகமில்லை. இந்தப் பாதுகாப்பு, ஏற்கெனவே பாதுகாப்பாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்தால் என்ன பிரயோஜனம் என்பதுதான் சங்கடம்.

ஹார்வர்ட் பிற்பாடு விதிகளை மாற்றியது. மூன்றாம் வருஷத்துக்குப் பதில் கடைசி வருஷ மாணவர்கள் விண்ணப்பிக்கலாம், வேலை பார்ப்பது இரண்டு முதல் நான்கு வருஷம் வரை. கொலம்பியா, எம்.ஐ.டி., பெர்க்லி, கெல்லாக் என்று எல்லா இடத்திலும் இப்போது துண்டு போடலாம். ஆமாம், பஃபெட்டைச் சேர்த்துக்கொண்ட அந்த கொலம்பியாவும்தான்.

நம்ம ஊர் கதை நேர் தலைகீழ்.

1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தன. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. கைகொடுத்தது, ஆமதாபாத்துக்கு ஹார்வர்ட். ஆமதாபாத்தில் 1966-ல் முடித்த முதல் அணியில் ஒரு கோயமுத்தூர்க்காரர் இருந்தார். சென்னை லயோலாவில் இயற்பியல், 19 வயதில் யூனியன் கார்பைடின் பேட்டரி தொழிற்சாலையில் வேலை, அங்கே நான்கு வருஷம். அப்புறம்தான் ஐ.ஐ.எம். சி.கே.பிரஹலாத். என் வாழ்க்கையின் திருப்புமுனையே அந்தத் தொழிற்சாலைதான் என்று கடைசிவரை சொன்னவர், பெரிய நிர்வாகவியல் பேராசிரியரான பிறகும்.

அதே சென்னையில் இன்னொருவர், கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு நேரே கல்கத்தா ஐ.ஐ.எம். 1976-ல் அங்கே முடித்தபோது வயது 20. அதாவது, பஃபெட் சிகாகோவுக்கு ரயில் ஏறிய வயதைவிடக் குறைந்த வயதிலேயே உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம்தான் வேலை, சென்னையில் மேட்டூர் பியர்ட்செல், பிறகு ஜான்சன் அண்ட் ஜான்சன். 1978-ல் யேலுக்குப் போய் மறுபடி முதல் வருஷத்திலிருந்து நிர்வாகவியல் படித்தார், 1980-ல் அந்தப் பட்டம். இந்திரா நூயி. அனுபவம் இல்லாமல் ஒரு தடவை, அனுபவத்தோடு ஒரு தடவை என்று இரண்டையும் ருசித்துப் பார்த்தவர் அவர்.

நம் பிள்ளைகளுக்கு, கல்லூரிக் கடைசி வருஷத்தில் கேட் தேர்வு எழுதுவது என்பது பஸ் பாஸ் எடுக்கிற மாதிரி சாதாரணம். அமெரிக்கா விசேஷத் திட்டம் போட்டுத் திறந்த கதவு, இங்கே சாத்தப்படவே இல்லை. அனுபவஸ்தர்களுக்காக ஆமதாபாத் தனியாக ஒரு வருஷப் படிப்பு ஆரம்பித்தது 2006-ல்தான். ஐதராபாத்தின் ஐ.எஸ்.பி. மட்டும் அமெரிக்க வழியில் போய், படிக்கும்போதே இடம் ஒதுக்கி, வேலை பார்த்துவிட்டு வரச் சொல்கிற யங் லீடர்ஸ் திட்டத்தை வைத்தது.

இந்தூர் ஐ.ஐ.எம். 2011-ல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. பிளஸ் டூ முடித்தால் போதும், ஐந்து வருஷப் படிப்பு. முதல் மூன்று இளங்கலைக்கு, அடுத்த இரண்டு நிர்வாகத்துக்கு. மூன்றும் இரண்டும் ஐந்து! 1900-ல் டார்ட்மத்தில் போட்ட கணக்கேதான். உள்ளே போகும்போது 17, 18 வயது. வெளியே வரும்போது 22, 23. அந்த வயதில், ஹார்வர்டில் துண்டு போட்டுவைத்த அமெரிக்கப் பிள்ளை அப்போதுதான் முதல் வேலைக்குப் போக டை கட்டப் பழகிக்கொண்டிருப்பான்.